உடைந்த தட்டுக்கும் ஒரு வக்ஃபு

ஹிஜ்ரி 726ஆம் ஆண்டு, அதாவது கி.பி. 1326இல், மொராக்கோ நாட்டுப் பயணி இப்னு பதூதா திமஷ்க் நகரை அடைந்தார். அந்நகரில் எந்தெந்தக் காரியங்களுக்கெல்லாம் வக்ஃபு செய்து வைத்திருந்தார்கள் என்பதை அவர் தம் பயண நூலில் வியந்து பதிவு செய்திருக்கிறார். ஹஜ்ஜுக்குச் செல்ல இயலாதவர்க்குப் பகரமாகச் சென்று வருவோர்க்கு ஒரு வக்ஃபு, ஏழைப் பெண்களை மணமுடித்து அனுப்ப ஒரு வக்ஃபு, கைதிகளை மீட்க ஒன்று, வழிப்போக்கர்க்கு உணவும் உடையும் தர ஒன்று, தெருக்களுக்குக் கல் பாவிப் பராமரிக்க ஒன்று. ஒரு நாள் அவர் சந்து ஒன்றில் நடந்து செல்கையில், அடிமைச் சிறுவன் ஒருவன் கையிலிருந்த சீனத்துப் பீங்கான் தட்டைத் தவறவிட்டு உடைத்துவிட்டதைக் கண்டார். கூட்டம் கூடியது. துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டு பாத்திர வக்ஃபின் பொறுப்பாளரிடம் போகுமாறு ஒருவர் அச்சிறுவனிடம் சொன்னார். சிறுவன் போய்த் துண்டுகளைக் காட்டினான். அதே போன்ற தட்டு வாங்கப் பணம் பெற்றுத் திரும்பினான். எசமானின் அடிக்கும் வசைக்கும் அஞ்சி நின்ற ஒரு பிள்ளையின் உள்ளத்தை ஆற்றிய தர்மம் என்று இப்னு பதூதா அதைப் போற்றுகிறார்.

இதே இப்னு பதூதா பின்னாளில் நம் மஅபர் கரையிலும் கால் வைத்தவர் என்பதால், அவருடைய செய்திகள் நமக்கு அந்நியமானவை அல்ல. பள்ளிவாசல் கட்டவும் மத்ரஸா கட்டவும் மையவாடிக்குச் சுற்றுச்சுவர் எழுப்பவும் வக்ஃபு செய்தவர்களை நாம் அறிவோம். உடைந்த தட்டுக்கென்று வக்ஃபு செய்தவரின் பெயர் நமக்குத் தெரியாது. ஆனால் அந்த மனிதர் ஒரு வேலைக்காரச் சிறுவனின் அச்சத்தைத் தம் மனத்தில் கொண்டுவந்து பார்த்தவர் என்பது மட்டும் உறுதி. பெரிய தர்மத்திற்குப் பணம் போதும். இத்தகைய சிறிய தர்மத்திற்குப் பிறர் நிலையை உற்று நோக்கும் கண் வேண்டும்.

வகுப்பறையின் தேவைகளும் பெரும்பாலும் இந்தத் தட்டின் அளவினவே. கட்டடம் அரசு கட்டித் தரும்; பாடநூல் அரசு அச்சிட்டுத் தரும். ஆனால் பின்னங்களைப் புரியவைக்க ஓர் ஆசிரியைக்குத் தேவைப்படும் வண்ண அட்டை, நான்காம் வகுப்புப் பிள்ளைகளுக்கு வேண்டிய இரண்டு காந்தம், ஊரின் வரைபடத்தைச் செய்து பார்க்க ஒரு கூடைக் களிமண், ஆதிச்சநல்லூரைக் காட்டிவர வேன் வாடகை, இவற்றுக்கு யார் பணம் தருவது? இந்தக் கேள்விக்கு நம் பகுதியில் 170 ஆண்டு வரலாறு உண்டு. அதை நம் சமுதாயம் அறிந்துகொள்வது இன்று மிகவும் தேவை என்று நாம் கருதுகிறோம்.

திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் ரயில் ஸ்ரீவைகுண்டத்தை அடுத்து ஆழ்வார்திருநகரியில் நிற்கிறது. தாமிரபரணிக் கரையில், நம்மாழ்வார் பிறந்த ஊராக வைணவர்கள் போற்றும் கோயில் நகரம் அது. அடுத்த நிலையம் நாசரேத். மிஷனரிகள் வளர்த்த ஊர். இன்னும் சில நிலையங்கள் கடந்தால் காயல்பட்டினம். பள்ளிவாசல்களும் மத்ரஸாக்களும் நிறைந்த நம் தொன்மையான கடற்கரை ஊர். ஒரே தண்டவாளத்தில் மூன்று சமயத்தாரின் கல்வி மரபுகளும் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன. இவ்வூர்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் சிற்றூர்களில், ஆழ்வார்திருநகரி ஊராட்சி ஒன்றியத்திலும் அதைச் சூழ்ந்த ஒன்றியங்களிலும், ஓராசிரியர் ஈராசிரியர் தொடக்கப் பள்ளிகள் பல உள்ளன. மாலையில் மக்தபுக்கு வந்து அலிஃப், பே ஓதும் பிள்ளைகளில் கணிசமானோர் பகலில் அமர்ந்திருப்பது இத்தகைய அரசுப் பள்ளிகளில்தான். இதை நம்மவர்கள் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கல்விக்கான சிறு உதவி நம் தீனுக்குப் புதியது அன்று. பத்ருப் போரில் பிடிபட்டவர்களுள் எழுதப் படிக்கத் தெரிந்தோர், ஆளுக்குப் பத்து மதீனாச் சிறுவர்க்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தால் விடுதலை என்று நபி (ஸல்) அவர்கள் ஏற்பாடு செய்ததைச் சீறா நூல்கள் கூறுகின்றன. பின்னாளில் குர்ஆனைத் தொகுக்கும் பெரும் பொறுப்பை ஏற்ற ஸைத் இப்னு ஸாபித் (ரலி) அவ்வாறு எழுதக் கற்றவர்களுள் ஒருவர் என்பர். கற்பித்தவர்கள் அப்போது முஸ்லிம்களாக இருக்கவில்லை என்பதையும் இங்கே நினைவிற் கொள்ள வேண்டும்.

இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் இளமைக்காலம் நம் கரையோர மக்களுக்கு நன்கு தெரிந்ததே. நாம் அவர்களின் மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். தந்தையை இழந்த பிள்ளை. ஆசிரியர்க்குக் கூலி கொடுக்கத் தாயாரிடம் பணம் இல்லை. ஆசிரியர் வெளியே செல்லும் வேளைகளில் மற்றப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதையே கூலியாக ஏற்றுக்கொண்டார் அந்த ஆசிரியர். எழுதத் தாள் இல்லாததால் எலும்புகளில் எழுதி ஒரு பழைய சாடியில் சேர்த்து வைத்தார்கள். அரசு அலுவலகத்திற்குச் சென்று, ஒருபுறம் எழுதிக் கழித்த தாள்களைக் கேட்டு வாங்கி மறுபுறத்தில் எழுதினார்கள். கழிவுத் தாளைக் கொடுத்த அந்த எழுத்தர் தாம் என்ன செய்கிறோம் என்பதை அறிந்திருக்க மாட்டார்.

இந்தச் சிறுதேவைகளை முறைப்படுத்தியவர்கள் கெய்ரோ நகரத்தார். மம்லூக் ஆட்சிக் காலத்தில் அங்கே கீழ்த்தளத்தில் தண்ணீர்ப் பந்தலும் மேல்தளத்தில் அனாதைப் பிள்ளைகளுக்கான குத்தாபும் கொண்ட கட்டடங்களை எழுப்பினார்கள். சுல்தான் காயித்பாய் 1479இல் கட்டியது இன்றும் நிற்கிறது. அக்காலத்து வக்ஃபுப் பத்திரங்களைப் படிப்போர்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. ஆசிரியரின் ஊதியத்தோடு பிள்ளைகளின் எழுதுபலகை, எழுதுகோல், மைக்கூடு, உடை ஆகியவையும் பத்திரத்திலேயே எழுதப்பட்டிருக்கும். கட்டடத்தைக் கட்டிவிட்டு மையை மறந்துவிடும் பழக்கம் அவர்களிடம் இல்லை.

இனி நம் மண்ணுக்கு வருவோம். 1854இல் சார்லஸ் வுட் அனுப்பிய கல்வி அறிக்கை இந்தியாவில் மானிய முறைக்கு அடிகோலியது. தனியாரும் மிஷனரிகளும் நடத்தும் பள்ளி அரசின் ஆய்வுக்கு உட்பட்டால் அதற்கு அரசு உதவித்தொகை தரும் என்பது அதன் சாரம். சென்னை மாகாணம் இதனை ஊக்கத்துடன் செயல்படுத்தியது. தென்பாண்டிக் கடற்கரையில் அப்போது நன்கு நிலைபெற்றிருந்தவை மிஷன் பள்ளிகளே ஆதலால், முதலில் பயன் பெற்றவர்களும் அவர்களே. நம் முன்னோர்கள் ஒதுங்கி நின்றதற்குச் சமயம் பறிபோகுமோ என்ற அச்சமும் ஆங்கிலேயர் மீதிருந்த கசப்பும் காரணங்கள். அக்கசப்பில் நியாயம் இருந்தது. விளைந்த இழப்பு பிள்ளைகளுக்கு இருந்தது. 1882இல் அமைந்த ஹண்டர் கமிஷன் முஸ்லிம்களின் கல்விக்கெனத் தனிப் பரிந்துரைகள் செய்து, நம் மக்தபுகளில் கணக்கும் பிற பாடங்களும் சேர்த்தால் அவற்றையும் அரசு ஊக்குவிக்க வேண்டும் என்று சொல்லும் நிலை அதனால்தான் ஏற்பட்டது.

அக்கால மானியத்தில் ஒரு பெரும் கோளாறு இருந்தது. இங்கிலாந்தில் 1862இல் புகுத்தப்பட்ட முறையைப் பின்பற்றி, இங்கும் தொடக்கப் பள்ளிகளுக்குத் தேர்ச்சியை எண்ணிப் பணம் கொடுத்தார்கள். ஆய்வாளர் வருவார், ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கச் செய்வார், எழுதச் செய்வார், கணக்குப் போடச் செய்வார், தேறிய தலைக்கும் தேறிய பாடத்துக்கும் ஏற்ப மானியம் கணக்கிடப்படும். கேட்பதற்கு நேர்மையான ஏற்பாடாகவே தோன்றும். நடைமுறையில் ஆசிரியர் ஆண்டு முழுவதும் ஆய்வாளருக்காகவே பாடம் நடத்தினார். ஆய்வாளர் கேட்கும் பக்கத்தை மனப்பாடம் செய்வித்தால் காசு. ஆற்றங்கரைக்கு அழைத்துச்சென்று கல்லையும் சிப்பியையும் காட்டினால் ஒரு காசும் இல்லை. புரிந்து படிப்பதற்கு மதிப்பில்லாது போனதற்கு ஆசிரியர்களின் சோம்பலைக் காரணமாகச் சொல்வோர் இன்றும் உண்டு. பணம் எந்த வழியில் வந்ததோ அந்த வழியிலேயே பாடமும் சென்றது என்பதே உண்மை.

அந்தக் காலத்திலும் வேறு வழி தேடியவர்கள் இருந்தார்கள். 1876–78ஆம் ஆண்டுகளின் தாது வருஷப் பஞ்சம் பெற்றோரைப் பறித்துக்கொண்ட பிள்ளைகளைச் சேர்த்து, நாசரேத்தில் மர்காசியஸ் பாதிரியார் 1878இல் ஒரு கலைத்தொழில் பள்ளியைத் தொடங்கினார். தச்சு, தையல், நெசவு போன்ற கைவேலைகள் அங்கே பாடமாயின. ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒரு ரயில் நிலையத் தொலைவில் நடந்த காரியம் இது. சமயத்தில் அவர் வேறு, நாம் வேறு. ஆயினும் கையால் செய்து கற்கும் கல்வி இவ்வட்டாரத்தில் அவ்வளவு முன்னதாகவே வேர்விட்டது என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது.

இருபதாம் நூற்றாண்டில் உள்ளாட்சி அமைப்புகளின் பள்ளிகள் பெருகின. 1920இல் சென்னை மாநகராட்சி, பிட்டி தியாகராயர் தலைமையில், ஆயிரம் விளக்குப் பகுதிப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளுக்கு உணவளிக்கத் தீர்மானித்தது. தலைக்கு நாளொன்றுக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் என்பது வரம்பு. (ஆயிரம் விளக்கு என்ற அப்பெயர் அங்குள்ள பள்ளிவாசலால் வந்தது.) ஓரணா தீர்மானம் சில ஆண்டுகளில் நின்றுபோனாலும், கருத்து நிற்கவில்லை. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது, 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. இன்றைய தூத்துக்குடி மாவட்டத்து ஊர் அது. செலவின் ஒரு பகுதியை ஊராரும் ஏற்றார்கள் என்பதுதான் அத்திட்டத்தின் தனிச்சிறப்பு.

அதைத் தொடர்ந்து வந்ததே, நம் கட்டுரைக்கு மிக நெருக்கமான பள்ளிச் சீரமைப்பு இயக்கம். அப்போதைய பொதுக்கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு அதன் மூளையாக இருந்தார். 1958இல் செங்கற்பட்டு மாவட்டத்துக் கடம்பத்தூரில் முதல் மாநாடு கூடியது. முறை எளிமையானது. ஒவ்வொரு பள்ளியின் ஆசிரியரும் தம் பள்ளிக்கு இன்னின்ன தேவை என்று பட்டியல் எழுதுவார். ஊர்ப் பெரியவர்களும் பெற்றோர்களும் அதைப் பார்த்து, இதை நான் தருகிறேன், இதை நீ தா என்று பங்கிட்டுக்கொள்வார்கள். கரும்பலகை, பெஞ்சு, கடிகாரம், பூகோள உருண்டை, நூல்கள், தட்டுகள், குவளைகள், வானொலிப் பெட்டி, சில இடங்களில் நிலமும் கட்டடமும்கூட வந்தன. பிறகு வட்டாரம் முழுவதற்கும் மாநாடு. கொடுத்தவர் பெயரும் கொடுத்த பொருளும் அங்கே அறிவிக்கப்படும். சில ஆண்டுகளில் நூற்றுக்கும் மேற்பட்ட மாநாடுகள் நடந்தன. பல கோடி ரூபாய் மதிப்புள்ள பொருள்கள் பள்ளிகளுக்குச் சேர்ந்தன.

இந்த இயக்கத்தில் நமக்குப் பிடித்தது, பட்டியலை எழுதியவர் ஆசிரியர் என்பதே. ஒரு பள்ளிக்கு மணி தேவையா, மேசை தேவையா என்பதைச் சென்னையில் அமர்ந்து யாரும் முடிவு செய்யவில்லை. நமக்கு ஒவ்வாததும் உண்டு. மேடையில் பெயர் வாசிக்கப்பட்டதால் வந்த கொடைகள் சில, வாசிப்பு நின்றதும் நின்றன. கொடுத்த நாற்காலி உடைந்தால் அடுத்த நாற்காலி யார் தருவது என்பதற்கு ஏற்பாடு இருக்கவில்லை. அமல்களில் அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது சிறிதாயினும் தொடர்ந்து செய்யப்படுவதே என்ற நபிமொழியின் கருத்தை இவ்விடத்தில் எண்ணிப் பார்க்கிறோம்.

1958ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டப்படி ஊராட்சி ஒன்றியங்கள் பிறந்து, தொடக்கப் பள்ளிகள் அவற்றின் கைக்கு வந்தன. பள்ளிகள் பெருகின, செலவு முழுவதும் அரசின் தலைமேல் ஏறியது, அது சரியானதும்கூட. 1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையை ஒட்டி அடுத்த ஆண்டு வந்த கரும்பலகைத் திட்டம், நாடெங்கும் தொடக்கப் பள்ளிகளுக்கு இரு அறை, இரு ஆசிரியர், கற்பிக்கும் கருவிகள் என்று வகுத்தது. கருவிகள் பெட்டி பெட்டியாக மேலிருந்து வந்தன. பல பள்ளிகளில் அவை இருப்புப் பதிவேட்டில் ஏறி, உடைந்தால் பதில் சொல்ல வேண்டுமே என்ற அச்சத்தால் பீரோவுக்குள்ளேயே தங்கின. திமஷ்கின் அந்தப் பாத்திர வக்ஃபை மீண்டும் நினைத்துப் பாருங்கள். உடைந்தால் மாற்றித்தர ஆள் இல்லாத இடத்தில், பொருளைப் பிள்ளைகள் கையில் கொடுக்க எந்த ஆசிரியர் துணிவார்?

இதற்கு மாற்றாக வந்ததுதான் 500 ரூபாய். 1990களில் வந்த மாவட்டத் தொடக்கக் கல்வித் திட்டமும், பின்னர் அனைவருக்கும் கல்வி இயக்கமும், ஆசிரியர் ஒவ்வொருவர்க்கும் ஆண்டுக்கு 500 ரூபாய் வழங்கின. கற்றல் கற்பித்தல் பொருள்களை அவரே வாங்கவோ செய்யவோ வேண்டும். ஆசிரியர்கள் இதைச் சுருக்கமாக டி.எல்.எம். பணம் என்றார்கள். அதே இயக்கத்தில் மாவட்டந்தோறும் புதுமை முயற்சிகளுக்கென 50 லட்சம் வரையில் ஒதுக்க இடமிருந்தது. ஆனால் வகுப்பறையின் முகத்தை மாற்றியது அந்த லட்சங்களைவிட இந்த ஐந்நூறுதான் என்பது நம் துணிபு. சார்ட் அட்டை, ஸ்கெட்ச் பேனா, பசை, கத்தரிக்கோல் ஆகியவற்றைக் காசு கொடுத்து வாங்கினார்கள். புளியங்கொட்டை, சோழி, பனை ஓலை, பாட்டில் மூடி ஆகியவற்றைக் காசின்றிச் சேர்த்தார்கள். நம் பகுதிப் பிள்ளைக்குச் சிப்பியைக் கொண்டு எண்ணக் கற்றுக்கொடுக்கத் திட்ட அலுவலகத்தின் அனுமதி தேவைப்படவில்லை. சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் முதலில் தொடங்கி 2007 வாக்கில் மாநிலமெங்கும் பரவிய செயல்வழிக் கற்றல் முறையில், தரையில் வட்டமாக அமர்ந்து அட்டைகளை எடுத்து அடுக்கிக் கற்ற பிள்ளைகளை நாம் கண்டோம். அம்முறையில் குறைகள் சொல்லப்பட்டன. சிலவற்றில் உண்மையும் உண்டு. ஆனால் தொட்டுப் பார்த்துக் கற்கும் உரிமை ஏழைப் பிள்ளைக்கும் உண்டு என்பதை அது நிலைநாட்டியது.

ஐந்நூறு ரூபாயிலும் குறை உண்டு. விலைவாசி ஏறியது, தொகை ஏறவில்லை. ரசீதுக்காகவே பொருள் வாங்கியவர்களும் இருந்திருப்பார்கள். எனினும் அது ஆசிரியரின் பெயரில் வந்த பணம். 2018இல் ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டம் வந்தபோது, பல சிறு தொகைகளும் பள்ளி மானியம் என்ற ஒரே தொகைக்குள் அடங்கின. 30 பிள்ளைகள் வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 10,000 ரூபாய். 31 முதல் 100 வரை 25,000. 101 முதல் 250 வரை 50,000 என்று வீதம் வகுக்கப்பட்டது. மின்கட்டணம், குடிநீர், சுண்ணக்கட்டி, விளையாட்டுப் பொருள், பழுதுபார்ப்பு, கற்பித்தல் கருவி அனைத்தும் இதற்குள்ளேயே. பத்தில் ஒரு பங்காவது தூய்மைப் பணிக்குச் செல்ல வேண்டும். பத்தாயிரம் ரூபாயில் ஓராண்டை ஓட்ட வேண்டிய தலைமையாசிரியர் எதற்கு முதலிடம் கொடுப்பார்? மின்கட்டணத்திற்குத்தான். நாமும் அந்த நாற்காலியில் இருந்தால் அதையே செய்வோம்.

அதற்கு மேலும் ஒரு சோதனை வந்தது. தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிய பி.எம். ஸ்ரீ பள்ளித் திட்ட ஒப்பந்தத்தைத் தமிழ்நாடு ஏற்காததால், 2024–25இல் இத்திட்டத்தின் முதல் தவணையான 573 கோடி ரூபாயை ஒன்றிய அரசு நிறுத்திவைத்தது. அவ்வாண்டுக்குத் தமிழ்நாட்டின் உரிமையான மொத்தத் தொகை 2,152 கோடி. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. அரசுகள் தம் வாதங்களை வைத்துக்கொள்ளட்டும். ஈராசிரியர் பள்ளியின் அட்டைப் பெட்டிக்கும் தில்லியின் கையொப்பத்துக்கும் இவ்வளவு நெருங்கிய தொடர்பு இருப்பது நல்லதன்று என்பதை மட்டும் சொல்லி நகர்கிறோம்.

மாநில அரசு சும்மா இருந்ததாகச் சொல்லவும் கூடாது. 2022 நவம்பரில் திருச்சியில் வானவில் மன்றம் தொடங்கப்பட்டு, நடுநிலை வகுப்புகளுக்கு எளிய அறிவியல் சோதனைகள் வந்தன. அடுத்த மாதமே ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊர்ப் பள்ளி’ தொடங்கியது. விரும்பியவர் ஓர் அரசுப் பள்ளியைத் தேர்ந்து அதன் தேவைக்கு நன்கொடை அனுப்பலாம். கடம்பத்தூர் மாநாடு கணினிக்குள் வந்துவிட்டது என்று சொல்லலாம். பெரும் நிறுவனங்களின் கொடை இதில் மிகுதியாகக் கருதப்படுகிறது; ஊரார் கொடை அந்த அளவு பேசப்படுவதில்லை.

அமெரிக்காவில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. நியூயார்க்கின் பிராங்ஸ் பகுதிப் பள்ளி ஆசிரியர் சார்லஸ் பெஸ்ட் 2000ஆம் ஆண்டில் டோனர்ஸ் சூஸ் என்ற அமைப்பைத் தொடங்கினார். ஆசிரியர் தம் வகுப்புக்கு என்ன வேண்டும், எதற்காக வேண்டும் என்று எழுதுவார். முன்பின் தெரியாத ஒருவர் அதைப் படித்துப் பணம் தருவார். அமைப்பு பொருளை வாங்கிப் பள்ளிக்கு அனுப்பும். பிள்ளைகள் நன்றிக் கடிதம் எழுதுவார்கள். தொடக்கத்தில் கொடையாளர் எவரும் இல்லாதபோது, சக ஆசிரியர்கள் எழுதிய முதல் சில கோரிக்கைகளை அவரே தம் பெயரைச் சொல்லாமல் நிறைவேற்றினாராம். கொடுப்பவர் எங்கோ இருக்கிறார் என்று ஆசிரியர்கள் நம்பினார்கள். நம்பியதால் மேலும் எழுதினார்கள். வலக்கை கொடுப்பதை இடக்கை அறியாத தர்மத்தைப் பற்றி மிம்பரில் கேட்டு வளர்ந்த நமக்கு, இந்தச் செய்தி ஓரளவு நாணத்தையும் தர வேண்டும்.

நம்மவர்கள் கல்விக்குக் கொடுக்காதவர்கள் அல்லர். காயல்பட்டினத்தாரின் நல மன்றங்கள் ஜித்தா, துபை, சிங்கப்பூர், ஹாங்காங் எனப் பல ஊர்களிலிருந்து கல்வி உதவித்தொகை அனுப்புகின்றன. ஆனால் நம் கொடை இரண்டு இடங்களில் குவிகிறது: ஒன்று கட்டடம், மற்றொன்று கல்லூரிக் கட்டணம். இரண்டும் வேண்டும். இவற்றுக்கு நடுவே, ஏழு வயதுப் பிள்ளை அமர்ந்திருக்கும் அரசு வகுப்பறை நம் பார்வையில் படுவதில்லை.

இதைப் பேசும்போது வழக்கமாக எழும் வினாக்கள் சில உண்டு. ஸகாத் பணத்தைக் கொண்டு பள்ளிக்கு அட்டையும் காந்தமும் வாங்கலாமா என்பது முதலாவது. ஸகாத்துக்குரிய எட்டுப் பிரிவினரைக் குர்ஆனே வரையறுத்துவிட்டது. நம் மத்ஹபின் வழக்கப்படி அது உரியவரின் கையைச் சேர வேண்டும். பொதுப் பள்ளியின் பொருளை அக்கணக்கில் எழுதாதிருப்பதே பேணுதல். ஸதகாவுக்கும் வக்ஃபுக்கும் அத்தடை இல்லை; அவற்றின் வாசல் விரிந்தது.

அங்கே பிற சமயப் பிள்ளைகள்தானே மிகுதி என்பது இரண்டாவது. உமர் (ரலி) அவர்கள் தெருவில் யாசித்த முதிய யூதர் ஒருவரைக் கண்டு, அவர் போன்றோர்க்குப் பைத்துல்மாலிலிருந்து உதவுமாறு ஆணையிட்ட செய்தியை இமாம் அபூயூசுஃப் (ரஹ்) தம் நூலில் பதிந்திருக்கிறார்கள். அண்டை வீட்டாரின் உரிமையைப் பற்றி நாம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறோம். அந்த அண்டை வீட்டாரின் பிள்ளை நம் பிள்ளையோடு ஒரே பாயில் அமர்ந்து படிக்கிறது. ஆழ்வார்திருநகரியின் பள்ளியொன்றுக்குக் காயலின் குடும்பம் ஒன்று பூகோள உருண்டை வாங்கித் தந்தால், அதைச் சுழற்றும் பிள்ளைக்குத் தந்தவர் யாரென்று தெரிய வேண்டியதில்லை. இருப்பினும் அந்த ஊர் அறியும். இக்காலத்தில் அது சிறிய செய்தியன்று.

அரசின் கடமையை நாம் ஏன் சுமக்க வேண்டும் என்பது மூன்றாவது வினா, மூன்றிலும் வலிமையானது. ஆசிரியர் நியமனம், கட்டடம், கழிப்பறை, உணவு ஆகியவை அரசின் கடமைகளே. அவற்றைக் கேட்டுப் பெற வேண்டும். நாம் அவற்றை நிரப்பத் தொடங்கினால் அரசு மெல்லக் கைகழுவும். ஆனால் வகுப்பில் திடீரென்று ஓர் ஆசிரியைக்குத் தோன்றும் எண்ணத்திற்கு எந்த அரசும் முன்கூட்டியே நிதி ஒதுக்க முடியாது. அந்த இடமே நம்முடையது.

செய்யும் முறையிலும் எச்சரிக்கை வேண்டும். பட்டியலை ஆசிரியர் எழுத வேண்டும். நாம் எழுதக் கூடாது. பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானத்தோடும் ரசீதோடும் தரப்பட வேண்டும். இல்லையேல் நாளை தணிக்கையில் அந்த ஆசிரியர்தான் நிற்பார். தொகை சிறிதாக இருக்கலாம். ஆண்டுதோறும் வர வேண்டும். ஒரு ஜமாஅத்தில் இருபது குடும்பங்கள் மாதம் நூறு ரூபாய் ஒதுக்கினால் ஆண்டுக்கு 24,000 ரூபாய் ஆகிறது. முப்பது பிள்ளைகள் உள்ள பள்ளிக்கு அரசு தரும் ஆண்டு மானியத்தைப் போல் இரு மடங்குக்கும் அதிகம். பொருள் உடைந்தால் கேள்வி கேட்கக் கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிட வேண்டும். உடையட்டும், பிள்ளைகள் கையாண்டதன் அடையாளம் அது. எல்லாவற்றுக்கும் மேலாக, மதிப்பெண் எவ்வளவு ஏறியது என்று கேட்டு ஆசிரியரை மீண்டும் அந்தப் பழைய ஆய்வாளரின் முன் நிறுத்திவிடக் கூடாது. பெயர்ப் பலகையும் வேண்டாம் என்று சொல்ல விரும்புகிறோம். சுவர்க்கடிகாரத்தின் முகத்தில் முள்ளைவிடப் பெரிய எழுத்தில் கொடையாளர் பெயர் இருப்பதை நாம் எத்தனையோ இடங்களில் பார்த்துவிட்டோம்.

எத்தகைய காரியங்களுக்கு என்று கேட்போர்க்கு நம் வட்டாரத்திலிருந்தே சொல்லலாம். ஆதிச்சநல்லூர் ஆழ்வார்திருநகரிக்கு அருகிலேயே உள்ளது. 1876இல் ஜெர்மானியர் யாகோர் தோண்டிப் பார்த்து, பின்னர் அலெக்சாண்டர் ரீ முறையாக ஆய்ந்த தாழிகளின் மேடு அது. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே அழைத்துச்சென்று, திரும்பி வந்ததும் களிமண்ணில் தாழி செய்யச் சொல்வதற்கு ஒரு வேன் வாடகையும் ஒரு மூட்டை மண்ணும் போதும். ஆற்றில் அணைக்கட்டு வரை நடந்து நீரின் வழியை வரைபடமாக்க அட்டையும் வண்ணமும் போதும்.

இன்னொன்றும் உண்டு. தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961இல். அதன் பிறகு பிறந்தவர்க்கு அது பாடநூலில் வரும் ஒரு வரி மட்டுமே. பரதவரும் நம்மவருமாக எத்தனையோ குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக மூச்சடக்கிச் சம்பாதித்த தொழில் அது. கயிற்றில் கல்லைக் கட்டி இறங்கியது, சிப்பியைக் கூடையில் சேர்த்தது, மேலே படகில் கயிற்றைப் பிடித்திருந்தவரின் மேல் வைத்த நம்பிக்கை, கரையில் சிப்பிக் குவியல்களை ஏலம் விட்டது எல்லாவற்றையும் ஒரு வகுப்புப் பிள்ளைகள் முதியவர்களிடம் நேரில் கேட்டுப் பதிந்து ஒரு கையேடாகச் செய்யலாம். ஒரு ஒலிப்பதிவுக் கருவியும், போக்குவரத்துச் செலவும், அச்சுக்கூலியும் தேவைப்படும். எல்லாம் சேர்ந்தாலும் நம் வீட்டு வலீமா ஒன்றின் பிரியாணிச் செலவில் சிறு பகுதிகூட ஆகாது. அக்கடைசிக் குளிப்பில் இளைஞர்களாகக் கடலில் இறங்கியவர்கள் இன்று எண்பதைக் கடந்துவிட்டார்கள். வரும் ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் தொடங்க வேண்டிய வேலை இது. அதற்கடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்க இடமில்லை.